இஸ்மே வாங்காத அனுமதி

இஸ்மே குவாஷியின் பள்ளிப்படிப்பு ஒரே ஒரு சொல்லில் முடிந்துபோனது. அப்போது அவளுக்கு ஒன்பது வயது. ஆங்கிலேயர் ஆண்ட ஒரு தீவில், பார்க்கர்ஸ் பே ஊரின் சபைப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு. காலையில் குடித்த கோகோ அடிவயிற்றை முட்ட, கையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றாள்.

"டீச்சர், நான் வெளிய போக முடியுமா?"

மிஸ் டங்கன் கரும்பலகையிலிருந்து திரும்பவில்லை. "முடியுமான்னு என்னை எதுக்குக் கேக்கறே? உன் காலைக் கேளு."

வகுப்பு சிரித்தது.

"அவசரம் டீச்சர்."

"அப்ப ஒழுங்கா கேளு. 'கேன்' இல்ல, 'மே'. முடியறது வேற, அனுமதி கேக்கறது வேற. பேர்லயே 'மே'யை வெச்சுக்கிட்டு அலையறா, வாயில மட்டும் வரமாட்டேங்குது."

இப்போது வகுப்பு இன்னும் பலமாகச் சிரித்தது. இஸ்மேக்கு அந்தச் சொல் தெரியாமல் இல்லை. சொன்னால் கதவு திறந்துவிடும். ஆனால் நாற்பது முகம் திரும்பி அவளையே பார்த்துக்கொண்டிருக்க, அது மீன் முள் மாதிரி தொண்டையில் குறுக்கே நின்றுகொண்டது. குனிந்து தன் காலைப் பார்த்தாள்.

"கேட்டுட்டேன் டீச்சர். முடியும்ங்குது."

பெஞ்சைத் தாண்டி, வாசலைத் தாண்டி, வெயிலுக்குள் போய்விட்டாள். வாதுமை மரத்துக்குப் பின்னால் வேலையை முடித்துக்கொண்டு எழுந்தபோது, திரும்பிப் போனால் பிரம்படி நிச்சயம் என்று தெரிந்தது. போகவில்லை. அன்று வீட்டில் விழுந்த அடி பள்ளிக்கூடத்து அடியைவிடப் பெரிது. அதற்கும் அசையவில்லை. கடைசியில் அவள் அம்மா கை ஓய்ந்து, சும்மாட்டைச் சுருட்டி அவள் தலையில் வைத்தாள். "படிக்க வணங்கலைன்னா சுமக்கப் பழகு."

அப்படித்தான் அவள் மீன்காரி ஆனாள். அதற்காக ஒரு நாளும் வருந்தியதாக யாரும் கேட்டதில்லை.

கடற்கரைத் தெருவில் படகுத்துறைக்கும் கிறிஸ்தவக் கோயிலுக்கும் நடுவே உள்ள நடைபாதைதான் மீன்காரிகளின் இடம். படகு கரையேறும்போது ஒருத்தி சங்கு ஊதுவாள். சங்குச் சத்தம் கேட்டதும் மேட்டுத் தெருவிலிருந்து பெண்கள் கிண்ணத்தோடு இறங்கி வருவார்கள். இஸ்மேயின் அம்மா நின்ற இடத்தில், அவள் போன பிறகு, இஸ்மே நின்றாள். ஆல்ரிக் என்ற மீனவனோடு வாழ்ந்தாள். அவனுடைய படகில் வரும் பாரையும் சூரையும் பறவைக்கோலாவும் அவள் தட்டில் ஏறும். அவள் குரல் பெரிது, கை பெரிது, நாக்கு அதைவிடப் பெரிது. "நேத்துப் புடிச்ச மீனா?" என்று யாராவது மூக்கைச் சுளித்தால், "நேத்துப் புடிச்சது உன் புருஷன், அதான் நாறுது. இது இன்னிக்கு" என்பாள். பக்கத்துத் தட்டு வெரோனி விழுந்து விழுந்து சிரிப்பாள். இருவரும் சேர்ந்து வளர்ந்தவர்கள். ஒருத்தி தட்டை இறக்கும்போது இன்னொருத்தி கை கொடுக்காமல் இருந்ததில்லை.

தெருவுக்கு ஒரு வங்கி வந்தது. கண்ணாடிக் கதவும் குளிர்சாதனமுமாக வந்தது. அந்தக் கதவு மீன்காரிகளைப் பார்த்தபடி அமைந்துவிட்டது. கதவு திறக்கும்போதெல்லாம் குளிர்காற்று வெளியே வந்தது. மீன் வாசனை உள்ளே போனது. மேலாளர் நகர வாரியத்துக்குப் போய்ப் பேசினார். வாரியம் தன் செயலாளரை அழைத்தது.

எக்பர்ட் டேசன்ட் கெட்ட மனிதர் இல்லை. அதை இஸ்மேயே பின்னால் சொல்லியிருக்கிறாள். சலவை செய்து பிழைத்த ஒரு தாயின் ஒற்றைப் பிள்ளை. பரீட்சை மேல் பரீட்சை எழுதி, அந்த நாற்காலிக்கு வந்தவர். அவருக்கு ஆங்கிலம் என்பது ஞாயிற்றுக்கிழமைச் சட்டை. சுருக்கம் விழ விடமாட்டார். வாரியத்தின் அறிவிப்புகளை அவரேதான் எழுதுவார், அவரே தட்டச்சு செய்வார், அவரே பசை தடவி விளக்குக் கம்பத்தில் ஒட்டுவார். ஒட்டிய பிறகு ஓர் அடி பின்னால் நகர்ந்து ஒருமுறை படித்துப் பார்ப்பார்.

முதல் அறிவிப்பு வந்த அன்று வெரோனிதான் உரக்கப் படித்தாள். மீன் தட்டுகளை நடைபாதையின் மேல் வைக்கக் கூடாது. 'மஸ்ட் நாட்' என்று கறுப்பாக அடித்திருந்தது.

"மேலன்னா?" என்றாள் இஸ்மே.

"மேலன்னா மேலதான். 'ஆன்'னு போட்டிருக்கு."

"நடைபாதை மேல வைக்கக் கூடாது. அவ்ளோதானே? என் தலை மேல வைக்கலாம்ல?"

அன்றைக்கு அவள் தட்டை இறக்கவில்லை. சங்கு ஊதிய நேரத்திலிருந்து கடைசி மீன் விற்கும் வரை, தலையில் தட்டோடு நின்றே விற்றாள். உயரமானவர்கள் எட்டி எடுத்தார்கள். குள்ளமானவர்களுக்கு அவள் முட்டியை மடக்கினாள். தட்டிலிருந்து தண்ணீர் கழுத்து வழியாக இறங்கி முதுகெல்லாம் செதில் ஒட்டிக்கொண்டது. மற்றவர்களும் பார்த்தார்கள், ஒருத்திக்குப் பின் ஒருத்தியாகத் தூக்கிக்கொண்டார்கள். அந்த வாரம் முழுக்கக் கழுத்து வலிக்குச் சாதிக்காய் எண்ணெய் தேய்க்காத வீடு இல்லை.

இதை அவள் இலக்கண அறிவால் செய்தாள் என்று பின்னாளில் ஊரில் சிலர் பேசினார்கள். இலக்கணமும் இல்லை, ஒன்றும் இல்லை. எழுத்துக்கூட்டிப் படிப்பாள், அவ்வளவுதான். அவள் செய்தது பிடிவாதம். நீ சொன்னதை மட்டும் கேட்பேன், நீ நினைத்ததைக் கேட்கமாட்டேன் என்கிற பிடிவாதம்.

டேசன்ட் புரிந்துகொண்டார். அடுத்த வாரம் புதிய அறிவிப்பு. தட்டுடன் நடைபாதையில் நிற்கக் கூடாது. வெரோனி படித்து முடிப்பதற்குள் இஸ்மே நடக்க ஆரம்பித்துவிட்டாள். படகுத்துறையிலிருந்து கோயிலுக்கு, கோயிலிலிருந்து படகுத்துறைக்கு. வாங்குகிறவர்கள் கூடவே நடந்தார்கள். பேரம் பேசிக்கொண்டே நடந்தார்கள். வங்கி எதிரே ஒரே இடத்தில் நின்ற வாசனை இப்போது நாளெல்லாம் அதன் வாசலில் போய்ப் போய் வந்தது.

கான்ஸ்டபிள் ஹேக்‌ஷா பக்கத்தில் நடந்து வந்தான். முப்பது வயதுக்காரன், இவர்கள் கையால் மீன் தின்று வளர்ந்தவன். "அக்கா, கொஞ்சம் நில்லுங்களேன், பேசணும்."

"நிக்கவா? நின்னா புடிச்சுட்டுப் போவே. நடந்துக்கிட்டே பேசு."

"வேர்க்குதுக்கா எனக்கு."

"பூட்ஸைக் கழட்டு."

மூன்றாவது அறிவிப்பை எழுத டேசன்ட் நேரம் எடுத்துக்கொண்டார். வாரியத் தலைவர் கேலி செய்ததாகவும், டேசன்ட் இரண்டு நாள் தாளைக் கிழித்துக் கிழித்துத் திரும்ப எழுதியதாகவும் சொல்வார்கள். ஒட்டிய போதும் இந்த முறை இரண்டு தடவை படித்துப் பார்த்தார். அப்படியும் தவறிவிட்டது.

நம் மொழியில் இடத்தைச் சொல்லும் சொல் பெயரின் வாலில் ஒட்டிக்கொண்டு வரும். எங்கே போனாலும் கூடவே போகும். ஆங்கிலத்தில் அது பெயருக்கு முன்னால் நின்று, பெயரை இழுத்துக்கொண்டு வாக்கியத்தின் கடைசியில் போய் உட்கார்ந்துவிடும். அங்கே உட்கார்ந்த பிறகு அது யாரைச் சேர்ந்தது என்று படிக்கிறவர்தான் சொல்ல வேண்டும். டேசன்ட் நினைத்தது, நடைபாதையில் வைத்து யாருக்கும் மீன் விற்கக் கூடாது என்று. எழுதியதை, நடைபாதையில் இருக்கிற ஆட்களுக்கு விற்கக் கூடாது என்றும் படிக்கலாம்.

"எப்படிப் படிக்கிறதுன்னே தெரியல" என்றாள் வெரோனி.

"நமக்கு வசதியா படி" என்றாள் இஸ்மே. வாங்க வந்திருந்தவர்களைப் பார்த்துக் கையை வீசினாள். "எல்லாரும் நடைபாதைய விட்டு இறங்குங்க! ரோட்டுல போய் நில்லுங்க! நடைபாதையில இருக்கறவங்களுக்கு விக்க மாட்டோம், சட்டம்!"

மீன்காரிகள் நடைபாதையில்; வாங்குபவர்கள் எல்லோரும் தெருவில். சனிக்கிழமைக் கூட்டம். வாழைக்குலை ஏற்றிய லாரி நின்றது. அதற்குப் பின்னால் ரொட்டி வண்டி. அதற்குப் பின்னால் வங்கி மேலாளரின் கார். ஹாரன் சத்தம் கோயில் வரை கேட்டது. மேலாளர் கண்ணாடியை இறக்கிக் கத்த, லாரிக்காரன் இறங்கி வந்து, "இவ்ளோ நேரம் நின்னாச்சு, எனக்கும் ரெண்டு சூரை குடு இஸ்மே" என்று வரிசையில் நின்றுகொண்டான்.

ஹேக்‌ஷா வந்து அவள் முழங்கையைத் தொட்டான். பிடிக்கவில்லை, தொட்டான். "இதுக்கு மேல என்னால முடியாதுக்கா. மேல இருந்து உத்தரவு."

"தட்டைத் தூக்கிக்கிட்டு வரவா, வெச்சுட்டு வரவா?"

"வெச்சுட்டு வாங்க."

"எங்க வைக்கிறது? நடைபாதை மேலயா?"

வெரோனி தட்டை வாங்கிக்கொண்டாள்.

நீதிமன்றம் காவல் நிலையத்து மாடியில். தலைநகரத்திலிருந்து வரும் நீதிபதி வயதானவர், வெள்ளைக்காரர் இல்லை, பக்கத்துத் தீவுக்காரர். அறிவிப்பை வாங்கிப் படித்தார். சிரித்தார். இஸ்மேக்கு நம்பிக்கை வந்தது. பிறகு அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: வாக்கியம் மோசமான வாக்கியம். ஆனால் அதை எழுதியவர் என்ன சொல்ல வந்தார் என்று இந்த அறையில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும், உனக்கும் தெரியும். அபராதம் கட்டு, இல்லை பதினாலு நாள் உள்ளே இரு.

"தெரியும் ஐயா" என்றாள் இஸ்மே. பொய் சொல்லவில்லை. "தெரிஞ்சுதான் செஞ்சேன். அபராதம் கட்ட மாட்டேன்."

ஆல்ரிக் பின் வரிசையிலிருந்து எழுந்து, "நான் கட்டறேன்" என்றான்.

"கட்டினே, வீட்டுக்கு வரமாட்டேன்."

உட்கார்ந்துவிட்டான். அவனுக்கு அவளைத் தெரியும்.

தலைநகரத்துச் சிறையில் பெண்கள் பகுதியில் அவளைத் துணி துவைக்கப் போட்டார்கள். முதல் இரண்டு இரவும் அழுதாள். இதை அவள் வெரோனியிடம் மட்டும்தான் சொன்னாள். இரண்டு பெண் குழந்தைகளை விட்டுவிட்டு, யாரோ ஒருவர் எழுதிய வாக்கியத்துக்காக இங்கே வந்து படுத்திருக்கிறோமே, புத்தி இருக்கிறதா என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். மூன்றாம் நாள் காவல்காரி ஒருத்தி, "ஏம்மா, தட்டைத் தலையில வெச்சே வித்தவ நீதானா?" என்று கேட்டாள். சேதி இவ்வளவு தூரம் வந்திருக்கிறது. அன்று இஸ்மே நன்றாகத் தூங்கினாள்.

அவள் இல்லாத அந்த நாட்களில் ஊரில் வேறொன்று நடந்தது. வாரிய உறுப்பினர் வீட்டு வேலைக்காரிகள் கிண்ணத்தோடு வந்தபோது மீன்காரிகள், "தீர்ந்துபோச்சு" என்றார்கள். தட்டு நிறைய மீன் இருக்கும்போதே சொன்னார்கள். விருந்தினர் விடுதிக்கும் அதே பதில். வெள்ளிக்கிழமை மீன் இல்லாமல் வாரியத் தலைவர் வீட்டில் டப்பா மத்தி திறந்ததாக ஊரெல்லாம் பேச்சு. வெரோனிதான் இதையெல்லாம் முன்னால் நின்று நடத்தினாள். இஸ்மே திரும்பி வந்து இறங்கியபோது பேருந்து நிறுத்தத்திலேயே சங்கு ஊதினார்கள்.

"ஜெயிச்சுட்டோம்டி!" வெரோனி அவளைக் கட்டிப்பிடித்துத் தூக்கினாள். "புதுசா ஒட்டியிருக்கான், வந்து பாரு. 'மஸ்ட் நாட்' போச்சு. 'மே'ன்னு போட்டிருக்கான். விக்கலாமாம்!"

வீட்டு வாசலில் சீமைப்பலா சுட்டுக்கொண்டிருந்தார்கள். பொரித்த பாரை வாசனை வந்தது. யாரோ ரம் ஊற்றினார்கள். இஸ்மே அங்கே நிற்காமல் நேரே விளக்குக் கம்பத்துக்குப் போனாள். உதடு அசைய, ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள். மீன் விற்பவர்கள் நடைபாதையில் விற்கலாம். அதோடு நிற்கவில்லை. கமா போட்டு ஒரு வால் இருந்தது: வாரியத்தின் அனுமதியோடு. அனுமதிச் சீட்டு வருடத்துக்கு ஒரு முறை, செயலாளர் அலுவலகச் சன்னலில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

அவள் திரும்பி வந்தபோது முகம் மாறியிருந்தது.

"இதுக்கா சங்கு ஊதினீங்க?"

"ஏன், என்ன?"

"நான் உள்ள போறதுக்கு முன்னாடி யார் அனுமதியோட வித்தோம்?"

"யார் அனுமதியும் இல்ல."

"இப்ப அவங்க அனுமதியோட. அப்ப ஜெயிச்சது யாரு?"

வெரோனிக்குக் கோபம் வந்தது. "சும்மா குடுக்கறான் சீட்டை. ஒரு பைசா இல்ல. போய்க் கை நீட்டி வாங்கிக்க வேண்டியதுதான். அதுல உனக்கு என்ன கொறைஞ்சுபோவுது?"

"கை நீட்டறதுதான் கொறையுது."

"நாங்க இங்க ரெண்டு வாரம் வியாபாரத்தைக் கெடுத்துக்கிட்டு நின்னோம், உனக்காக. நீ வந்து மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு நிக்கிறே. உனக்கு சண்டைதாண்டி வேணும். மீன் விக்கிறது இல்ல."

"இன்னிக்கு 'மே'ன்னு எழுதினவன் நாளைக்குப் பக்கத்துல ஒரு 'நாட்' போட எவ்ளோ நேரமாவும்?"

"போடட்டும். அன்னிக்குப் பாத்துக்கலாம்."

அன்று அந்தச் சீமைப்பலாவை இஸ்மே தொடவில்லை. மறுநாள் எல்லோரும் சன்னலில் வரிசையாக நின்று சீட்டு வாங்கினார்கள். நீல அட்டை, ரவிக்கையில் குத்திக்கொள்ள ஊசி. இஸ்மே மட்டும் சங்கு ஊதிவிட்டுத் தட்டோடு தன் இடத்தில் நின்றாள். வெரோனியின் தட்டு கொஞ்சம் தள்ளிப் போயிருந்தது. பல வருடத்தில் முதல் முறையாக, இஸ்மே தன் தட்டைத் தானே இறக்கினாள். பாதி வழியில் தட்டு சாய்ந்து இரண்டு மீன் விழுந்தது. வெரோனி பார்த்தாள், வரவில்லை.

ஹேக்‌ஷா அவளைத் திரும்பவும் அழைத்துப் போனான். இந்த முறை நீதிபதி வரும் வரை கீழே காவல் நிலைய அறையிலேயே வைத்தார்கள். மத்தியானம் டேசன்ட் வந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கம்பிக்கு இந்தப் பக்கம் ஒரு முக்காலியில் உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து நீல அட்டையை எடுத்து, கம்பி வழியே நீட்டினார். அவள் பெயரை அழகாக எழுதி, கையெழுத்தும் போட்டுக் கொண்டுவந்திருந்தார்.

"நீங்க சன்னலுக்கு வர வேணாம். இந்தாங்க. இதை வாங்கிட்டா ஹேக்‌ஷா கதவைத் திறந்துடுவான்."

"வேணாம் சார்."

"இஸ்மே, நான் வாரியத்துல எவ்ளோ போராடி இந்த 'மே'யை வாங்கினேன் தெரியுமா? தலைவர் ஒரேயடியா தடை போடச் சொன்னார். நான்தான் விக்கலாம்னு எழுத வெச்சேன்."

அதை அவள் எதிர்பார்க்கவில்லை. "அது நல்ல மனசு. இல்லைன்னு சொல்லல. ஆனா வால் எதுக்கு?"

"வால் இல்லாம தலைவர் ஒத்துக்க மாட்டார். எல்லாமே வார்த்தைதானே? வார்த்தையில என்ன இருக்கு?"

இஸ்மே அவரை நிமிர்ந்து பார்த்தாள். அதன் பிறகு 'சார்' வரவில்லை.

"எக்பர்ட், இதை நீயா கேக்கறே? ஒரு எழுத்து தப்பா விழுந்தா பூரா தாளையும் கிழிச்சுப்போட்டு மறுபடி அடிப்பியே, நீயா கேக்கறே? எங்கம்மா அந்த இடத்துல நின்னா. உங்கம்மா கூடையோட தினம் அதே நடைபாதையில நடந்து போவா, வெளுத்த துணியை எடுத்துக்கிட்டு. யாரைக் கேட்டு நடந்தா? நாளைக்கு உங்க வாரியம், சலவைக்காரிங்க நடைபாதையில நடக்கலாம், எங்க அனுமதியோடன்னு எழுதினா அட்டையைக் குத்திக்கச் சொல்லுவியா அவளை?"

டேசன்ட் தொப்பியின் விளிம்பை விரலால் நீவிக்கொண்டே இருந்தார். எழுந்து போகும்போது அட்டையை முக்காலியிலேயே விட்டுவிட்டுப் போனார். இஸ்மே அதை எடுக்கவில்லை. மறுநாள் கூட்டுகிறவள் எடுத்துப்போனாள்.

இந்த முறை முப்பது நாள். ஆல்ரிக் பார்க்க வந்தான். போகும்போது, "பொண்ணுங்க ரெண்டும் நல்லா சமைக்குதுங்க" என்றான். அவனைப் பொறுத்தவரை அது பெரிய பேச்சு.

அவள் வெளியே வந்து, திரும்பவும் அட்டையில்லாமல் நின்று, ஹேக்‌ஷா திரும்பவும் வந்து, பார்க்காதது போலக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்த வாரத்தில்தான் வெரோனிக்கு அது நடந்தது. அவள் தட்டைக் கழுவிய தண்ணீர் வங்கி மேலாளரின் கால்சட்டையில் தெறித்துவிட்டது. தெரியாமல் நடந்தது. வெரோனி மன்னிப்பும் கேட்டாள். சாயங்காலம் வாரியத்திலிருந்து ஆள் வந்து அவள் அட்டையை வாங்கிக்கொண்டு போய்விட்டான். அனுமதி ரத்து. எத்தனை நாளுக்கு என்று கேட்டாள். வாரியம் விரும்பும் வரை என்றான்.

இருட்டுவதற்கு முன் வெரோனி இஸ்மேயின் வீட்டுக்கு வந்தாள். வாசற்படியில் உட்கார்ந்தாள். ரவிக்கையில் ஊசி மட்டும் குத்தியிருந்தது.

"சொல்லிக் காட்டணும்னா சொல்லிக் காட்டிடு" என்றாள். "அதைக் கேட்டுட்டு அப்புறம் பேசறேன்."

"சாப்பிட்டியா?" என்றாள் இஸ்மே.

"இல்ல."

சாப்பிட்டார்கள். சொல்லிக் காட்டவில்லை. ஆனால் அந்த வீட்டில் அன்று பேசியது ஒவ்வொரு மீன்காரியின் அடுப்படிக்கும் போய்ச் சேர்ந்தது. வருடம் முடிய சில வாரங்கள்தான் இருந்தன. பழைய அட்டைகள் காலாவதியாகும். புதிது வாங்க வேண்டும்.

புத்தாண்டு கழிந்து அலுவலகம் திறந்த முதல் நாள், டேசன்ட் சன்னலைத் திறந்து வைத்தார். புது அட்டைக் கட்டு ஒருபக்கம், முத்திரை ஒருபக்கம், மை தோய்த்த மெத்தை நடுவில். காத்திருந்தார். எட்டு மணி ஆனது. ஒன்பது ஆனது. யாரும் வரவில்லை. சன்னல் வழியாகவே தெரிந்தது: படகுத்துறையிலிருந்து கோயில் வரை நடைபாதை நிறையப் பெண்கள், தட்டு நடைபாதை மேலேயே இருக்க, நின்ற இடத்தில் நின்று, நடைபாதையில் இருந்தவர்களுக்கே விற்றுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி ரவிக்கையிலும் நீலம் இல்லை.

வாரியத் தலைவர் ஹேக்‌ஷாவைக் கூப்பிட்டு எல்லோரையும் பிடிக்கச் சொன்னார். ஹேக்‌ஷா தெருவைப் பார்த்தான். "ஐயா, லாக்கப்புல நாலு பேர்தான் உக்காரலாம். இங்க ஊரே நிக்குது. எங்கம்மாவும் நிக்கறா."

"உன் அம்மா மீன்காரி இல்லையே!"

"இன்னிக்கு ஒரு தட்டு எடுத்துக்கிட்டு வந்துட்டா ஐயா."

மத்தியானம் வாக்கில் டேசன்ட் சன்னலைச் சாத்தினார். மையை மூடினார். அட்டைக் கட்டை அலமாரியில் வைத்துப் பூட்டினார். தலைவர் புதிதாக ஏதாவது எழுதச் சொன்னபோது, தனக்கு வாக்கியம் எதுவும் வரவில்லை என்று சொல்லிவிட்டாராம். அவர் வாழ்க்கையில் அப்படிச் சொன்னது அந்த ஒரு தடவைதான் என்று அவர் அலுவலகத்தில் தட்டச்சு செய்த பெண் சொல்வாள். அதற்குப் பிறகு வாரியம் மீன்காரிகளைப் பற்றி எதுவும் ஒட்டவில்லை. வங்கிதான் கதவைப் பக்கத்துச் சந்துப் பக்கமாக மாற்றிக்கொண்டது.

சில வருடம் கழித்துத் தீவுக்குச் சுதந்திரம் வரப்போகிறது என்று பேச்சு எழுந்தது. தேர்தலில் நிற்க இருந்த ஒரு வக்கீல், வெள்ளைச் சட்டையோடு, மீன்காரிகளைத் தேடிக் கடற்கரைத் தெருவுக்கு வந்தார். இஸ்மேக்குத் தலையில் நரை விழுந்திருந்தது. கழுத்து முன்போல் திரும்பாது. அந்தத் தட்டு சுமந்த வாரத்தின் பாக்கி என்பாள் வெரோனி.

"உங்க கதை எனக்குத் தெரியும் அம்மா" என்றார் வக்கீல். "இனிமே உங்களை யாரும் அசைக்க முடியாதபடி சட்டமாவே எழுதிடறேன். 'மே' இல்ல, 'ஷல்'. மீன் விற்பவர்களுக்கு இந்தத் தெருவில் விற்கும் உரிமை இருக்கும். இதோ, எழுதியே கொண்டுவந்திருக்கேன்."

பெண்கள் கூடிவிட்டார்கள். வெரோனிக்கு அந்தச் சொல் பிடித்திருந்தது. "'ஷல்' கெட்டியான சொல்லுடி. பைபிள்ல எல்லாம் வரும். வாங்கிக்கலாம்."

"நான் வேணாம்னா சொன்னேன்?" என்றாள் இஸ்மே. வஞ்சிரத்தை நீளவாக்கில் கிழித்துக்கொண்டே, "முழுசா படிங்க ஐயா. கடைசி வரைக்கும்" என்றாள்.

வக்கீல் தொண்டையைச் சரிசெய்துகொண்டு படித்தார். உரிமை இருக்கும் என்று கம்பீரமாக ஆரம்பித்தது. பிறகு, குறிப்பிட்ட நேரத்துக்குள். பிறகு, குறிப்பிட்ட எல்லைக்குள். பிறகு, அமைச்சர் அவ்வப்போது விதிக்கும் நிபந்தனைகளின் கீழ். ஒவ்வொரு வால் வரும்போதும் ஒருத்தி சிரித்தாள். கடைசி வாலில் தெருவே சிரித்தது. வக்கீலும் பாதியில் சிரித்துவிட்டார். ஆனால் எழுதியதை விட்டுக்கொடுக்க மனமில்லாமல், "சட்டம்னா அப்படித்தான் அம்மா எழுதணும்" என்றார்.

"எழுதுங்க, உங்க தொழில் அது" என்றாள் இஸ்மே. "நாங்க ஓட்டுப் போடறதும் போடாததும் அப்புறம். மீன் வேணுமா, வேணாமா?"

"ரெண்டு துண்டு குடுங்க."

அவள் நல்ல நடுத்துண்டாகப் பார்த்து இரண்டு வெட்டினாள். சுற்றிக் கொடுக்கப் பழைய செய்தித்தாள் தீர்ந்துபோயிருந்தது. வக்கீலின் கையிலிருந்த தாளை மெதுவாக வாங்கி, இரண்டு துண்டையும் அதிலேயே வைத்து, நான்கு பக்கமும் மடித்து, அவர் கையில் கொடுத்தாள்.